'போகப் போகப் பேசும்' என்று சொல்வதற்கு முன்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. சுகர், பிபி மாத்திரைக்கு வந்தவர்கள், நாய்க்கடி, தேள்கடி, காய்ச்சல். நடுவில் நான்கு மாதக் குழந்தையோடு ஒரு தாய். சளிக்கு மருந்து வாங்கிக்கொண்டு எழுந்து போனவர், கதவருகில் நின்று திரும்பிக் கேட்கிறார்: "சார், கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது. காது கேக்குமான்னு ஒரு சந்தேகம்."

அவர் இதைக் கடைசியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஏற்கெனவே கேட்டிருப்பார். "நல்லா இருக்கற கொழந்தயப் பத்தி என்ன பேச்சு இது?" என்று மாமியார் வாயை அடைத்திருப்பார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் உங்களிடம் வந்திருக்கிறார். இப்போது நீங்கள் நிமிர்ந்து பார்க்காமலேயே "போகப் போகச் சரியாயிடும்மா" என்று சொன்னால், அந்தக் குழந்தையின் காதைப் பற்றி வீட்டில் இனி யாரும் பேசமாட்டார்கள். டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா! அடுத்து இந்தக் கேள்வி வருவது இரண்டரை, மூன்று வயதில், "பேச்சு வரல" என்ற பெயரில்தான்.

இந்தக் கட்டுரை காது மூக்கு தொண்டை நிபுணர்களுக்கு அல்ல. அவர்களிடம் குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு முன்னால் குழந்தையைப் பார்க்கிறவர்களுக்கானது இது: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், ஹவுஸ் சர்ஜன், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்ப்பவர், சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்தும் மகப்பேறு மருத்துவர், தேசிய சிறார் நலத் திட்டத்துக்காக (ஆர்.பி.எஸ்.கே.) பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வண்டியில் போகும் குழு.

ஏன் நம் கண்ணில் படுவதில்லை

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை நிரந்தரமான செவித்திறன் குறைவோடு பிறக்கின்றன என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. பக்கத்து மாநிலக் கணக்கும் இதை ஒட்டியே இருக்கிறது. கொச்சியில் பல மருத்துவமனைகளைச் சேர்த்து நடந்த பரிசோதனைத் திட்டத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தபோது, ஆயிரத்துக்கு 1.6 குழந்தைகளுக்கு நிரந்தரக் குறைபாடு உறுதியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த, ஆபத்துக் காரணிகள் கொண்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஆயிரத்துக்கு 10.3.

இந்த எண்ணை உங்கள் பணியிடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆண்டுக்கு இருநூறு முந்நூறு பிரசவம் பார்க்கும் ஒரு நிலையத்தில் இப்படி ஒரு குழந்தை பிறக்க இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் உங்களுக்கு மாற்றல் வந்துவிடும், அல்லது பி.ஜி. சீட் கிடைத்துப் போய்விடுவீர்கள். ஒரு தனி மருத்துவரின் அனுபவத்தில் இது அபூர்வம். அபூர்வமானதைத் தேடும் பழக்கம் தானாக வராது. மாவட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் கதை வேறு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 24.6 லட்சம். மாநிலத்தின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குப் பதினான்கு என்று தோராயமாக வைத்தாலும் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் பிரசவங்கள். அதாவது முப்பது முதல் நூறு குழந்தைகள் வரை, ஒவ்வொரு ஆண்டும், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும்.

மருத்துவர்களின் விழிப்புணர்வு பற்றிய ஆய்வுகளும் ஒன்றைச் சொல்கின்றன. அமெரிக்காவில் மேரி பாட் மோயெல்லரும் அவர் குழுவினரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் மருத்துவர்கள் பதிலளித்தார்கள். பச்சிளங்குழந்தைகளுக்குச் செவிப் பரிசோதனை அவசியம் என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகமே இல்லை. பரிசோதனையில் தேறாத குழந்தையின் பெற்றோரிடம் அடுத்து என்ன சொல்வது, எங்கே அனுப்புவது என்பதில்தான் தடுமாறினார்கள். படிக்கும்போது இதற்குப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடக்கிற நாட்டிலேயே இந்த நிலை என்றால், பரிசோதனை இன்னும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராத நம் ஊரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் மூன்றே. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாடு உண்டா இல்லையா என்ற உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும். இந்த ஆறு மாதக் கெடு சும்மா வைத்ததல்ல. கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோ 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள், அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னால் நின்றார்கள். குழந்தை தாயின் வயிற்றில் ஆறேழு மாதத்திலேயே ஒலியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து ஓராண்டு ஒன்றும் கேட்காமல் போனால், மொழிக்கென மூளை திறந்து வைத்திருக்கும் காலத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

கைதட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது

நம் வார்டுகளில் இன்னும் நடப்பது இது: குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் கையைத் தட்டுவது, சாவிக்கொத்தை ஆட்டுவது, ஸ்டீல் ட்ரேயைக் கீழே போடுவது. குழந்தை சிலிர்க்கும். "பாருங்க, கேக்குது" என்று எழுதி அனுப்பிவிடுவோம். கைதட்டினால் காற்று முகத்தில் படுகிறது. ட்ரே விழுந்தால் கட்டில் அதிர்கிறது. கண்ணோரத்தில் நிழல் அசைகிறது. இவற்றில் எதற்குக் குழந்தை சிலிர்த்தது என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியே சத்தத்துக்குத்தான் திரும்பியது என்றாலும், கைதட்டல் மிகப் பலமான ஒலி. அதைக் கேட்கிற குழந்தைக்குப் பேச்சொலியில் உள்ள 'ச', 'ஸ' போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகள் கேட்காமல் போகலாம். ஒரு காது மட்டும் கேட்காத குழந்தை இந்தச் சோதனையில் எப்போதும் தேறிவிடும்.

இன்னொரு ஏமாற்று: "நல்லா சத்தம் போடுது சார், ங்கா ங்கான்னு பேசுது." முழுக்கக் காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் அழும், சிரிக்கும், ங்கா சொல்லும். அந்த ஒலிகளுக்குக் காது தேவையில்லை. வித்தியாசம் தெரிவது ஆறு மாதத்துக்குப் பிறகுதான். கேட்கிற குழந்தை ஏழு முதல் பத்து மாதத்துக்குள் 'பாபாபா', 'மாமாமா' என்று அசைகளைக் கோத்துச் சொல்லும். கேட்காத குழந்தையிடம் அது வராது அல்லது மிகத் தாமதமாக வரும். இருந்த ஒலியும் மெல்லக் குறையும். ஒன்பது மாதக் குழந்தையின் தாயிடம் "என்னென்ன சத்தம் போடுது, அப்படியே செஞ்சு காட்டும்மா" என்று கேளுங்கள். ட்ரேயைப் போட்டுப் பார்ப்பதைவிட உங்களுக்கு அதிகம் தெரியவரும்.

நாக்கைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேச்சு வரவில்லை என்றால் நம் ஊரில் முதல் சந்தேகம் நாக்கின்மேல்தான். வீட்டில் ஆயா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்ப்பார். அதோடு முடிந்தால் பரவாயில்லை. மருத்துவரே "நாக்கு ஒட்டியிருக்கு" என்று சொல்லிக் கத்தரித்து அனுப்பும் சம்பவங்களும் உண்டு. நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில எழுத்துகள் தெளிவில்லாமல் வரலாம். பேச்சே வராமல் போகாது. கத்தரித்த பிறகு குடும்பம் இன்னும் ஓராண்டு நம்பிக்கையோடு காத்திருக்கும், இழப்பு அங்கேதான். பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும், நாக்கைத் தொடுவதற்கு முன், ஆட்டிசம் என்று சந்தேகிப்பதற்கு முன், 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்று ஒப்புக்கொள்வதற்கு முன், காதைப் பரிசோதித்துவிடுங்கள். இதை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்தாலும் தகும்.

கருவியிடம் என்ன எதிர்பார்க்கலாம்

லண்டனைச் சேர்ந்த டேவிட் கெம்ப் 1978-ல் ஓர் அதிசயத்தை உலகுக்குச் சொன்னார். ஆரோக்கியமான உட்காது ஒலியை வாங்குவதோடு நிற்காமல், தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. காதுக்குள் சிறு குமிழை வைத்து அந்த எதிரொலியைப் பிடிப்பதுதான் ஓ.ஏ.இ. பரிசோதனை. தூங்கும் குழந்தைக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலியில்லை, ஊசியில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். இரண்டாவது பெரா, தலையில் மின்வாய்களை ஒட்டி, ஒலி செவிநரம்பு வழியாக மூளைத்தண்டுவரை போகிறதா என்று பார்ப்பது. இதன் தானியங்கி வடிவமும் உண்டு.

மருத்துவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் ஒன்று. ஓ.ஏ.இ. உட்காதின் உணர்முடிகளை மட்டுமே சோதிக்கிறது, நரம்பைச் சோதிப்பதில்லை. கடும் மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த குழந்தைகளில் சிலருக்கு உட்காது நன்றாக இருந்து நரம்பு வழியில் கோளாறு இருக்கும். ஓ.ஏ.இ. 'பாஸ்' என்று வரும். குழந்தைக்கோ பேச்சு புரியாது. ஆகவே ஐந்து நாளுக்கு மேல் அந்தப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. பெரா வேண்டும். இந்த ஒரு விஷயத்தை உங்கள் யூனிட்டில் பழக்கமாக்கினால், நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் அது குழந்தைகளுக்கு உதவிக்கொண்டிருக்கும்.

பிறந்த முதல் நாளில் காதுக்குழாயில் வெண்படிவமும் நடுக்காதில் நீரும் இருக்கும். அன்றே சோதித்தால் நல்ல காதுள்ள பல குழந்தைகள் 'ரெஃபர்' ஆகிவிடும், பெற்றோர் வீணாகக் கலங்குவார்கள். ஒரு நாள் கழிந்த பின், வீட்டுக்கு அனுப்பும் முன் செய்வது நல்லது. பால் குடித்து உறங்கும் நேரம் பாருங்கள். அறை அமைதியாக இருக்க வேண்டும். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் இது சாதாரணக் காரியமல்ல. தெருவில் ஒலிபெருக்கி, பேருந்தின் ஹாரன், வார்டுக்குள் உறவினர் கூட்டம் எல்லாம் சேர்ந்து அந்த மெல்லிய எதிரொலியை விழுங்கிவிடும். கட்டடத்தின் உட்புறத்தில், ஜெனரேட்டருக்கும் லிஃப்டுக்கும் தள்ளி, கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறையைக் கேட்டு வாங்குங்கள். மறுபரிசோதனைக்குத் தேதி கொடுக்கும்போது பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்றும் தீபத்தின்போதும் பேருந்துகள் நகரத்துக்கு வெளியே நிறுத்தப்படும். கைக்குழந்தையோடு செங்கத்திலிருந்தோ கீழ்பென்னாத்தூரிலிருந்தோ வருகிறவர் அந்தக் கூட்டத்தில் நடந்து வரமாட்டார். வராத தாயைப் 'பொறுப்பில்லாதவர்' என்று சீட்டில் எழுதுவதற்குமுன் நாம் கொடுத்த தேதி என்ன கிழமை, என்ன திதி என்று பார்ப்பது நியாயம்.

பெராவைச் சீக்கிரம் செய்ய இன்னொரு காரணமும் உண்டு. முதல் மூன்று நான்கு மாதங்களில் குழந்தை பால் குடித்துவிட்டு இயல்பாகத் தூங்கும், சோதனை எளிது. ஒரு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் தூக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கருவி இல்லாத இடத்தில் என்ன செய்வது? கேள்வி கேட்கலாம். குடும்பத்தில் சிறு வயது முதலே காது கேளாதவர் உண்டா? சொந்தத்தில் திருமணமா? கர்ப்பத்தில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்ததா? பிறந்ததும் அழுததா, பெட்டியில் வைத்தார்களா, எத்தனை நாள்? ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலையா? ஜென்டாமைசின் போன்ற ஊசி ஐந்து நாளுக்கு மேல் போட்டார்களா? மூளைக்காய்ச்சல் வந்ததா? பிளவு அண்ணம், காது மடலில் குறை, நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை இருக்கிறதா?

சொந்தத்தில் திருமணம் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. மாமனையோ அத்தை மகனையோ கட்டிய பெண்ணிடம் இதைக் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலக் கேட்டால் பொய்யான பதில்தான் வரும். "எல்லாரையும் கேக்கறதுதாம்மா" என்ற முன்னுரையோடு கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. குறைபாடுள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தக் காரணிகளில் ஒன்றுகூட இருக்காது. கேள்விகள் கருவிக்கு மாற்றாகாது. அதேபோல, பிறந்தபோது 'பாஸ்' ஆன காது பிறகு குறையலாம், குறிப்பாகத் தாயின் வயிற்றில் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்கு. தாய்க்குச் சந்தேகம் என்றால், முந்தைய சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் மறுபடி அனுப்புங்கள். மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்த குழந்தைக்கு அவசரம் இன்னும் அதிகம். உட்காதில் எலும்பு வளர்ந்து மூடிவிட்டால் பிறகு காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்துவதும் சிக்கலாகிவிடும். அங்கே கணக்கு வாரங்களில்.

புதன்கிழமைகளைப் பயன்படுத்துங்கள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காதுப் பரிசோதனைக்கென்று தனி முகாம், தனிப் பதிவேடு, தனி மீட்டிங் எதுவும் வேண்டாம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தை வரும்போது "காது டெஸ்ட் ஆச்சா?" என்று ஒரு கேள்வி. ஆகவில்லை என்றால் அன்றே பரிந்துரைச் சீட்டு. பதினான்காவது வாரத்தில் முடிவு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதக் கெடு அங்கே முடிகிறது. ஒன்பதாவது மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசியின்போது அந்தப் 'பாபாபா' கேள்வி. ஒன்றரை வயது ஊசிக்கு வரும்போது எத்தனை சொல் பேசுகிறது என்று கேளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் ஒருமுறை உட்கார்ந்து விளக்கினால், நீங்கள் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். வீடு வீடாகத் தெரிந்தவர் அவர்தான்.

அந்த ரூபெல்லா ஊசிக்கும் இந்த விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா குழந்தையின் கண்ணைப் பாதிக்கிறது என்று ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-ல் கவனித்துச் சொன்னார். அதே தொற்று காதையும் இதயத்தையும் கெடுப்பது விரைவிலேயே தெரியவந்தது. இந்தியாவில் தட்டம்மை ரூபெல்லா பெருமுகாம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாட்ஸ்அப் வதந்தியால் பயந்த பெற்றோரிடம் அப்போது பேசிய மருத்துவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, காதுகளையும் காப்பாற்றினார்கள்.

எங்கே அனுப்புவது? தேசிய சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013-ல் தொடங்கியது. பிறவிச் செவித்திறன் குறைவு அதன் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமைக்கப்படும் மையத்தை எல்லோரும் டி.இ.ஐ.சி. என்றே சொல்கிறார்கள். குழந்தை மருத்துவர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் அங்கே உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி., சென்னை. பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெரா எங்கே, எந்தக் கிழமை எடுக்கிறார்கள், யாரிடம் பேச வேண்டும் என்று விசாரித்துச் செல்போனில் ஏற்றிவிடுங்கள். 'மேல்சிகிச்சைக்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய சீட்டு பெரும்பாலும் வீட்டு அலமாரியில் முடிகிறது. இடம், நாள், பெயர் எழுதிய சீட்டுக்கு மதிப்பு உண்டு. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் வழியாக மலை இறங்கி வரும் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போகிறது. அவர்களை இரண்டு முறை அலைக்கழித்தால் மூன்றாவது முறை வரமாட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வரி. டிஸ்சார்ஜ் சீட்டில் ஜென்டாமைசின் எத்தனை நாள், பிலிருபின் உச்சம் எவ்வளவு, வென்டிலேட்டர் உண்டா, காதுப் பரிசோதனை ஆயிற்றா என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டாரிடம் பேசுவது

பரிசோதனையில் தேறவில்லை என்றால் 'ஃபெயில்' என்ற சொல்லை விடுங்கள். 'செவிடு', 'ஊமை' என்பவற்றைச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஆயா அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்விடுவார். ஆனால் ஆறுதலுக்காக "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு செக்கப்" என்றும் மழுப்பாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் மறுபடி வரமாட்டார்கள். ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்:

"இந்த டெஸ்ட்ல பதில் தெளிவா வரலம்மா. காதுல தண்ணி, அழுக்கு இருந்தாலும் இப்படி வரும். நெஜமாவே கேக்கறதுல குறை இருந்தாலும் இப்படி வரும். எதுன்னு தெரிஞ்சுக்க இன்னொரு டெஸ்ட் இருக்கு. மூணு மாசம் முடியறதுக்குள்ள அதைப் பண்ணியே ஆகணும். குறை இருந்தாலும் இப்பவே தெரிஞ்சா புள்ளைய நல்லாப் பேச வைக்க வழி இருக்கு. காதுல எண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க."

தகப்பனையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லாப் பழியும் தாய்மேல் விழும். "கிரகணத்துல வெளிய போனா, அதான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "இதுல யார் தப்பும் இல்ல" என்று மருத்துவர் வாயால் ஒருமுறை சத்தமாகச் சொல்வது அந்த வீட்டுக்குள் அந்தப் பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு. அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்றால் சிரிக்காதீர்கள். வேண்டுதலும் இருக்கட்டும், பெரா தேதியும் தவற வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

உறுதியான பிறகு என்ன வழி என்று உங்களுக்கே தெரிந்திருந்தால்தான் இதையெல்லாம் நம்பிக்கையோடு சொல்ல முடியும். சில மாதக் குழந்தைக்கே காதுக் கருவி பொருத்தலாம், வளர வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கருவிகளை இலவசமாகத் தருகிறது, தொண்டு நிறுவனங்கள் மூலம் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களையும் நடத்துகிறது. கருவியால் பலன் போதாத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. இந்த ஆறு வயது வரம்பைப் பார்த்து "இன்னும் டைம் இருக்கு" என்று மருத்துவர்களே சொல்லிவிடுகிறார்கள். அது காப்பீட்டின் கெடு மட்டுமே. மொழியின் கெடு அதற்கு வெகுகாலம் முன்பே முடிகிறது. ஒரு வயதையொட்டிப் பொருத்திக்கொண்ட குழந்தையையும் ஐந்து வயதில் பொருத்திக்கொண்ட குழந்தையையும் ஒரே வகுப்பில் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அறுவை சிகிச்சையோடு வேலை முடிந்தது என்ற எண்ணத்தையும் வளர்க்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் பயிற்சி, அதில் தாயின் பங்கு, இரண்டும் இல்லாமல் கருவி வெறும் நகைதான். சென்னை சாஸ்திரி நகரில் இயங்கும், 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத மிகச் சிறு குழந்தைகளைத் தாயோடு சேர்த்துப் பழக்கிப் பேச வைத்து, பொதுப் பள்ளிக்கு அனுப்பிவருகிறது. நேரம் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பாடப்புத்தகம் தராத நம்பிக்கை கிடைக்கும். மறுபக்கம், தாய் தகப்பன் இருவருமே காது கேளாதவர்களாக இருந்து, வீட்டு மொழியே சைகை மொழியாக இருந்தால், அந்தக் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே ஒரு மொழி கிடைத்துவிடுகிறது. அவர்களிடம் அறுவை சிகிச்சையை ஒரே வழியாக விற்கப் போகாதீர்கள். எல்லா வழிகளையும் எடுத்துச் சொல்வதே உங்கள் வேலை.

இந்தத் துறையிலேயே வேலை

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கொண்டுவந்து "என்ன படிக்க வைக்கலாம் டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு நீட், நர்சிங், பார்மசி தவிர நாம் வேறு பெயர் சொல்வதில்லை. செவித்திறன் மற்றும் பேச்சு மொழிக் குறைபாட்டியலில் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு உண்டு. கடைசி ஆண்டு பயிற்சி. பி.ஏ.எஸ்.எல்.பி. என்று பெயர். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசு நடத்தும் நிப்மெட், ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களில் படிக்கலாம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும். டி.இ.ஐ.சி. மையங்கள், அரசு மருத்துவக் கல்லூரிகள், காக்ளியர் மையங்கள், சொந்த கிளினிக் என்று வேலைக்குக் குறைவில்லை. பெரிய நகரங்களில் இவர்கள் குவிகிறார்கள். மாவட்டங்களில் கிடைப்பதில்லை. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தச் சம்பளம் இதற்கு ஒரு காரணம் என்பதை அரசு ஒப்புக்கொண்டால் நல்லது.

ஆள் இல்லை என்பதற்காக மாவட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்ரீ ராமச்சந்திரா குழுவினர் செயற்கைக்கோள் இணைப்புள்ள வண்டியைக் கிராமத்துக்கு அனுப்பி, நிபுணர் தொலைவில் உட்கார்ந்தபடியே குழந்தைக்கு பெரா எடுத்துக் காட்டி 2013-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். அதே நிறுவனம் திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் பிளவு உதடு, பிளவு அண்ணம் உள்ள பிள்ளைகளுக்கு உள்ளூர் பணியாளர்களைப் பழக்கிக் கிராமத்திலேயே பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

தனியார் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மிச்சம். கொச்சியில் குழந்தை மருத்துவர் ஏப்ரஹாம் கே. பால் முன்னின்று 2003-ல் தொடங்கிய ஏற்பாட்டில் ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே கருவி வாங்கவில்லை. பொதுவான ஓ.ஏ.இ. கருவியோடு பயிற்சி பெற்ற பணியாளர் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் குழந்தைகளைச் சோதித்தார். தேறாத குழந்தைகள் ஒரே மையத்துக்கு வந்தன. திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, வந்தவாசியில் கருவி இல்லாமல் பிரசவம் பார்க்கும் நர்சிங் ஹோம்கள் இப்படிச் சேர்ந்துகொள்ளலாம். ஒரு பெண்ணுக்கு வேலை கிடைக்கும், செலவு பங்கிடப்படும், டிஸ்சார்ஜ் சீட்டில் காதுக்கென்று ஒரு வரி வந்துவிடும். மருத்துவர் சங்கத்தின் அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் யாராவது ஒரு குழந்தை மருத்துவர் எழுந்து இதை முன்மொழியுங்கள்.